உள்ளயா, வெளியயா?

கீழே விழாமல் வாழ்வது எப்படி என்ற தலைப்பில் ஒரு பிசியோதெரபிஸ்ட் எங்கள் ஓய்வு பெற்றோர் மன்றத்தில் பேசத் தொடங்கிய நேரத்தில், நான் என் வீட்டுச் சமையலறையில் கீழே விழுந்து கிடந்தேன். என் புத்திசாலித்தனத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு மட்டம் போட்டதோடு நான் நிறுத்தவில்லை. எனக்குப் பதிலாக 'உள்ளேன் ஐயா' சொல்ல ஓர் ஆளையும் ஏற்பாடு செய்திருந்தேன். அதாவது, விழுந்தால் யாரும் தேடி வந்துவிடாதபடி எல்லா முன்னேற்பாடுகளையும் செய்துவிட்டுத்தான் விழுந்தேன். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளியவன் எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்யமாட்டான்.

இதை எழுத நான் மிச்சமிருப்பதற்குக் காரணமான மனிதரை மன்றத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டைம் ஆபீஸ்' என்றால்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் வாசலில், வேலைக்கு வருகிறவர்களின் கார்டில் நேரம் பதிகிற அறையில், அவர் ஆயுளின் பெரும்பகுதி போயிருந்தது. எஸ்டேட் வருவதற்கு முன் அந்தப் பக்கத்து வயல்களில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். இரண்டு வருஷமாக மனிதர் ஓசூரில் மகளோடு இருக்கிறார். அங்கே அடுக்குமாடியில் லிப்டில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நம்புகிறேன்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் மன்றம் கூடும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. முகூர்த்த நாள் என்றால் மொட்டை மாடி. ஒரு சிறப்புப் பேச்சாளர், பிறகு டீ, போண்டா, கேரம், பாட்டு, யாருக்காவது பிறந்த நாள் என்றால் கேக். எங்கள் காலத்து வாத்தியார்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கைக்கு வந்த தேதியைப் போட்டுவிட்டதால் மன்றத்தில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்தோம். ஜூனில் ஒரே கேக்கை இருபது பேர் சேர்ந்து வெட்டுவோம். கத்தியைப் பிடிக்க இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நிற்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் சேரப் போன அன்று வாசலில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடியில் நீள நோட்டு. என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"டோக்கன் நாப்பத்தொண்ணு. மறந்துடாதீங்க சார்."

"டோக்கன் எதுக்குங்க, போண்டா வாங்கவா?"

"ஆளுக்கு" என்றார்.

சரியாக நான்கு மணிக்கு எழுந்து நின்று, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், ஒன்றிலிருந்து நம்பர் படிக்க ஆரம்பிப்பார். மேடையில் எவ்வளவு பெரிய பேச்சாளர் இருந்தாலும் கடைசி நம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. ஆயுளெல்லாம் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவருக்குத் தன்னை ஒருவர் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது தாங்கவில்லை.

"பதினாலு" என்றார் டைம் ஆபீஸ்.

தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு."

"நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன், கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரிதுங்க. உள்ளயா, வெளியயா? அத்த உங்க வாயால சொல்லுங்க."

மைக்கைப் பிடித்தபடி பேச்சாளர் நின்றார். பின்வரிசையிலிருந்து யாரோ, "சார், போண்டா ஆறிப்போவுது சார்" என்று கெஞ்சினார்கள். தலைமையாசிரியர் கடைசியில் "உள்ளேன்" என்று முனகியபோது கூடமே கைதட்டியது. மறு கூட்டத்திலிருந்து அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

'உள்ளயா, வெளியயா' என்பது அவருடைய ஒரே கேள்வி. பேச்சாளர்களும் தப்ப முடியாது. 'முதுமையில் நேரத்தைப் பேணுதல்' பற்றிப் பேச ஒரு பெரிய மனிதர் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தார். நாங்கள் சால்வையோடு வாசலுக்கு ஓடினோம். டைம் ஆபீஸ் நோட்டோடு குறுக்கே நின்றார். "நாலு அம்பது. லேட்டு. இங்க ஒரு கையெய்த்து." பெரிய மனிதர் அதைத் தன் ரசிகர் ஒருவரின் வேண்டுகோள் என்று எடுத்துக்கொண்டு, 'அன்புடன்' என்று எழுதி, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். 'லேட்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'அன்புடன்' மிக அழகாக இருந்தது.

சிரிப்புப் பயிற்சி சொல்லித்தர ஓர் அம்மாள் வந்த கூட்டமும் மறக்காது. கைகளைத் தூக்கி எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும் என்றார். காரணமில்லாமல் சிரிப்பது எனக்குப் பரம்பரைத் தொழில், நான் வெளுத்து வாங்கினேன். முன்வரிசையில் ஒருவருடைய பல்செட்டு கழன்று மேடைப் பக்கம் போனது. டைம் ஆபீஸ் மட்டும் ஸ்டூலில் இருந்தபடி விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு வாய் கொறையுது" என்று என்னிடம் சொன்னார். நான் அதற்கும் சிரித்தேன். அவர் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் மூலைக்குப் போனார். மனைவியை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத முப்பதாம் நம்பர் அங்கே உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியும்வரை டைம் ஆபீஸ் அவர் பக்கத்திலேயே இருந்தார். ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. டீ வந்ததும் இரண்டு டம்ளரையும் இவரே வாங்கி, ஒன்றை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

காஞ்சிபுரம் சுற்றுலா போய்த் திரும்பும் வழியில் பஸ் ஒரு டீக்கடையில் நின்றது. எல்லோரும் ஏறியதும் இவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். டிரைவரிடம் போய், "வண்டிய எடுக்காத நைனா. ஒரு ஆளு ஜாஸ்தி கீது" என்றார். காணாமல் போனவரைத் தேடிக் கேள்விப்பட்டிருக்கிறோம், கூடுதலாக வந்தவரைத் தேடியது அன்றுதான். கடைசி வரிசையில் குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். வேறு ஏதோ மன்றத்துப் பஸ்ஸில் வந்தவர், டீ குடித்துவிட்டு எங்கள் வண்டியில் ஏறிவிட்டார். "உங்களுக்குச் சந்தேகமே வரலையா?" என்று கேட்டோம். "சுகர், முழங்கால், மருமகள்னு பேச்செல்லாம் அங்க பேசின மாதிரியே இருந்துச்சு. அதான் வரல" என்றார். அவருடைய வண்டிக்காரர்கள் திரும்பி வந்து அழைத்துப்போகும்வரை அரைமணி நேரம் எங்களை அங்கேயே நிறுத்தி வைத்தார் டைம் ஆபீஸ். நாங்கள் முணுமுணுத்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

இப்படிப்பட்ட மனிதரைக் கேலி செய்யாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'அண்ணாத்தே' என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தேன், அது அப்படியே நிலைத்துவிட்டது. அவரும் 'சார்' என்பதை விட்டு 'நைனா' என்று கூப்பிட ஆரம்பித்தார். நாற்பத்தொன்று என்று அவர் படித்தால் நான் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "பாதி வந்திருக்கேன் அண்ணாத்தே, மீதி பல் டாக்டர்கிட்ட இருக்கு" என்பேன். "உடம்பு உள்ள, மனசு போண்டாகிட்ட" என்பேன். "வீட்டுக்காரம்மா அனுமதியோட ஆஜர்" என்பேன். கூடம் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, தலையைத் தூக்காமல், "உள்ளயா, வெளியயா?" என்பார். "உள்ளதான்" என்ற பிறகே பேனா நகரும்.

வராதவர்களை அவர் விட்டுவைப்பதில்லை. போன் போடுவார். எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய்விடுவார். பதினேழாம் நம்பர் சொல்லாமல் கொள்ளாமல் ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டில் விசாரித்து, மண்டபத்துக்கே போய், பந்தியில் அப்பளம் உடைத்துக்கொண்டிருந்தவரை எட்டிப் பார்த்து, "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இதனால்தான் எனக்குப் பதிலாள், அதாவது ப்ராக்ஸி, தேவைப்பட்டது.

என் மனைவி அப்போது வெளிநாட்டில் மகன் வீட்டில் இருந்தாள். மருமகளுக்குப் பிரசவம், ஆறு மாதம் கழித்துத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் வருவாள். எனக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் உண்டு என்பதால் எண்ணெயில் பொரித்த எதையும் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்பது அவள் போட்டுவிட்டுப் போன சட்டம். போண்டாகூட மன்றத்தில் எனக்கு ஒன்றுதான். டைம் ஆபீஸ் அதையும் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே பிசியோதெரபிஸ்ட் பேசுகிற சனிக்கிழமை மாலை, ஊரில் உள்ள என் எதிரிகள் அனைவரும் மண்டபத்தில் அடைந்திருக்கும் நேரத்தில், நிம்மதியாக வாழைக்காய் பஜ்ஜி போட்டுத் தின்பது என்று தீர்மானித்தேன்.

பக்கத்து நாற்காலி நாற்பத்திரண்டாம் நம்பர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். நல்ல மனிதர். அவர் வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அது மனைவியின் சமையலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

"அவர் தலையைத் தூக்கவே மாட்டார். 'உள்ளேன்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஆறு பஜ்ஜி உங்க வீட்டுக்கு வந்து சேரும்" என்றேன்.

"மாட்டிக்கிட்டா?"

"என் குடையை எடுத்துட்டுப் போய் நாற்காலியில மாட்டுங்க. ஆள் பாத்ரூம் போயிருக்கிற மாதிரி இருக்கும்."

குடை யோசனை என் மூளையில் உதித்தது என்பதை இன்றும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மூன்றே முக்காலுக்கு முன்கதவைத் தாழிட்டேன். சமையலறை ஜன்னலை ஒட்டிய பின்கதவையும், வாசனை பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்விடக்கூடாது என்று, தாழிட்டேன். ஜன்னலை மறந்துவிட்டேன். வாணலி நிறைய எண்ணெய். எண்ணெய்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தபோது கொஞ்சம் தரையில் சிந்தியது. துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் பஜ்ஜியைப் போட்டுவிட்டு உப்பை எடுக்கத் திரும்பினேன்.

விழுந்த சத்தம் யாரோ மூட்டை போட்டதுபோல் இருந்தது. இடுப்பிலிருந்து கால்வரை ஒரு வலி, அதைப் பற்றி வேடிக்கையாக எழுத இன்னும் எனக்கு வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் சொன்னபடி கேட்கவில்லை. மேலே எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. அடுப்பின் திருகு எட்டவில்லை. முழங்கையை ஊன்றி ஊன்றி மேடைக்கடியில் ஊர்ந்துபோய் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருப்பி மூடினேன். அந்த நாள் முழுக்க நான் செய்த ஒரே புத்தியுள்ள காரியம் அதுதான். பிறகு தலையைத் தரையில் வைத்துவிட்டேன்.

போன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஐடி வேலை பார்க்கும் தம்பதிகள், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருப்பார்கள், சனி ஞாயிறு கிடையாது. அப்போதுதான் கணக்குப் போட்டேன். மன்றத்தில் நான் 'உள்ளே' இருக்கிறேன். எனவே டைம் ஆபீஸ் வரமாட்டார். நாளைக் காலை மனைவி கூப்பிடுவாள், நான் எடுக்கவில்லை என்றால் கறி வாங்கப் போயிருப்பார் என்று ஒருமுறை திட்டிவிட்டு வைத்துவிடுவாள். என்னைத் தேட வேண்டிய ஒவ்வொருவரையும் நானே முறையாகச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டிருந்தேன்.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஏழு தடவை எண்ணினேன். அடுத்த அறையில் நமக்கு அடிக்கும் போனைத் தரையில் படுத்துக்கொண்டு கேட்பதுபோல் ஒரு தண்டனை கிடையாது. ஏழாவது தடவைக்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் எனக்கு முதல்முறையாக உண்மையாகவே பயம் வந்தது.

எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை. சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெளியே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"நாப்பத்தொண்ணு."

பழக்கம் விடுமா. "முழுசா வந்திருக்கேன் அண்ணாத்தே. எழுந்திருக்கத்தான் முடியல."

"உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான்."

"அப்டியே கெட. ஆடாத."

ஜன்னல் கம்பிக்குள் ஒரு குடை நுழைந்தது. என் குடை. அதன் வளைந்த பிடி பக்கவாட்டில் தடவித் தடவிப் பின்கதவின் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்து இழுத்தது. கதவு திறந்ததும் முதலில் டைம் ஆபீஸ் வந்தார், பின்னால் போஸ்ட்மாஸ்டர் அழுதுகொண்டே வந்தார். "நான் சொல்லிட்டேங்க, என்னால முடியலங்க" என்றார். வாணலியைப் பார்த்து, அழுகைக்கு நடுவே, "கருகிடுச்சே" என்றும் சொன்னார்.

நடந்ததைப் போஸ்ட்மாஸ்டர்தான் பிறகு விவரமாகச் சொன்னார். நாற்பத்தொன்று என்று படித்ததும் இவர், ஒத்திகை பார்த்திருந்தபடி, "உள்ளேன் ஐயா" என்றாராம். டைம் ஆபீஸின் பேனா நின்றுவிட்டதாம். "இத்தினி ஒயுங்கா அந்தாளு என்னிக்கி சொன்னான்?" என்று தலையைத் தூக்கினாராம். நாற்காலியில் குடை தொங்கியது. குடையைப் பார்த்தார், போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் பஜ்ஜி எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஏழு தடவை போன் போட்டுவிட்டு, அடுத்த நம்பரைக்கூடப் படிக்காமல், நோட்டைத் தலைமையாசிரியர் மடியில் போட்டுவிட்டு, குடையை ஒரு கையிலும் போஸ்ட்மாஸ்டரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி என் வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். வாசல் ஸ்டூல் காலியானதைப் பார்த்துப் பாதிக் கூட்டம் நழுவிவிட்டதாகவும், பாவம் பிசியோதெரபிஸ்ட் பதினோரு பேருக்குத்தான் பேசினார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆட்டோவில் என்னைக் குறுக்காகச் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். போஸ்ட்மாஸ்டர் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

"மட்டம் போட்டிருக்கான்னு விட்டிருக்கலாமே அண்ணாத்தே. இந்த வயசுல இப்படி ஓடி வரலாமா?" என்றேன்.

என் தலையை மடியில் சரியாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கம்பெனில ஒரு தபா ஒருத்தன் கார்ட இன்னொருத்தன் அடிச்சிட்டான். காலம்பற ஷிப்டு. மத்தியானம் கார்டுக்காரன் சம்சாரம் சோறு எடுத்துக்கினு கேட்டாண்ட வந்துச்சு. காத்தாலேர்ந்து மனசு சரியில்ல, அவரு உள்ள கீறாரானு பாத்துச் சொல்லுங்கனு கேட்டுச்சு. நானு கார்டப் பாத்தேன். உள்ளதான்மா கீறாரு, ஊட்டுக்குப் போன்னு அனுப்ச்சிட்டேன்."

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் கத்தினேன். கத்தி முடிக்கும்வரை, மன்றத்தில் சிரிப்பு அடங்கக் காத்திருப்பதுபோல், காத்திருந்தார்.

"சாயங்காலம் ரயில் ரோட்டாண்ட கால்வாயில கெடந்தான். வேலைக்கு வர்றப்பவே வலிப்பு வந்து வுயுந்துட்டான்."

"பொழைச்சாரா?"

"மத்தியானமே தேடிருந்தா பொழைச்சிருப்பான் நைனா."

ஆஸ்பத்திரி வரும்வரை எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. மனைவி இதை நம்பவே இல்லை.

இடுப்பெலும்பில் கீறல் மட்டும்தான், ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் படுக்கை, பிறகு கைத்தடி என்றார் டாக்டர். அதைக் கேட்டபோது என்னைவிடச் சத்தமாக மூச்சு விட்டவர் போஸ்ட்மாஸ்டர். மறுநாள் வீடியோவில் மனைவி என்னை மேலும் கீழுமாகப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாழைக்காய் எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றாள். அடுத்த வாரமே விமானம் ஏறி வந்துவிட்டாள்.

அந்த ஆறு வாரத்தில் மூன்று கூட்டம் நடந்தது. மூன்று முறையும் மூன்றரை மணிக்கு டைம் ஆபீஸ் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று நம்பரைச் சொன்னார். என் பதிலைக் கேட்டுவிட்டு நோட்டில் 'லீவு' என்று எழுதிக்கொண்டு போனார். முதல் முறை பிசியோதெரபிஸ்ட் கொடுத்த அச்சடித்த தாளையும் கொண்டுவந்து என் மனைவியிடம் சேர்த்தார். முதல் வரியே, தரையில் எண்ணெயோ தண்ணீரோ சிந்தினால் உடனே துடைக்கவும். மனைவி அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள், இன்றுவரை.

ஏழாவது வாரம் கைத்தடியோடு மண்டபத்துக்குப் போனேன். கைதட்டினார்கள். போஸ்ட்மாஸ்டர் எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். மணி நான்கு. டைம் ஆபீஸ் எழுந்து நின்று, நோட்டில் குனிந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். வீட்டிலிருந்து இரண்டு மூன்று வேடிக்கைகளை யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். நாற்பது நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். இந்த ஒரு தடவையாவது அந்த மனிதருக்கு மரியாதையாகப் பதில் சொல்வோம் என்று தோன்றியது.

"நாப்பத்தொண்ணு."

கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றேன்.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

பேனா நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டார்:

"யாருயா அது, அவனுக்கு ப்ராக்ஸி குடுக்கறது?"